பல்கேரிய நாடும் வாசகசாலைகளும்

ஐரோப்பாக் கண்டத்திற்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் லண்டன், பாரிஸ், ரோம் முதலிய மாநகரங்களைக் கண்டு, அவற்றின் மாட மாளிகைகளை வியந்து மீள்வர். அக்கண்டத்தின் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு நாடுகளை நாடிச் செல்வார் மிகச் சிலரே. அவற்றுள் ஒன்றாகிய பல்கேரியாவைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். நாடு சிறிதாயினும் அது கற்பிக்கும் பாடம் சிறிதன்று. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் தமக்கென ஓர் அரசின்றி வாழ்ந்த மக்கள் தம் மொழியையும் எழுத்தையும் எங்ஙனம் இழவாது காத்தனர் என்னும் வினாவுக்கு அந்நாட்டின் ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு விடை கூறி நிற்கின்றன. யாம் சென்ற வழியே நம் மாணவ நண்பர்களையும் அழைத்துச் சென்று அவ்விடைகளைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நாட்டின் கிடக்கையை அறிதல் வேண்டும். வடக்கே டான்யூப் மாநதி, அதற்கப்பால் ருமேனியா. கிழக்கே கருங்கடல். தெற்கே கிரீசும் துருக்கியும். மேற்கே செர்பியாவும் வட மாசிடோனியாவும். நாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,11,000 சதுர கிலோமீட்டர். 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் ஏறத்தாழ 65 லக்ஷம் பேர். நாட்டின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு நெடுமதில் போல் நீண்டு கிடப்பது பால்கன் மலைத்தொடர். அத்தீபகற்பம் முழுமைக்கும் பெயர் ஈந்தது இம்மலையே. ஆயினும் பல்கேரியர் இதனை 'ஸ்டாரா பிளானினா', அஃதாவது 'பழைய மலை', என்று உரிமையோடு அழைப்பர். தென்மேற்கே ரிலா, பிரின், ரொடோப்பி என்னும் மலைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ரிலாவில் உள்ள முஸாலாச் சிகரம் 2,925 மீட்டர் உயரமுடையது. பால்கன் தீபகற்பத்தில் அதனினும் உயர்ந்த சிகரம் பிறிதில்லை. வடக்கே டான்யூப் சமவெளியில் கோதுமையும் சூரியகாந்தியும் விளையும். மலைகளிலோ குளிர்காலம் முழுதும் பனி மூடிக் கிடக்கும். இம்மலைகளின் மடிப்புக்களில், பெருவழிகளுக்கும் படைகளுக்கும் எட்டாத சிற்றூர்களில், பழைய மொழியும் பழைய பாட்டும் ஒதுங்கி வாழ இடம் பெற்றன. ஆதலின் அந்நாட்டின் இயற்கையைக் காண்போர் அதன் சரித்திரத்தையும் உடன் காண்கின்றனர் எனலாம்.

டான்யூப் நதியின் கரையில் ஸ்விஷ்டோவ் என்னும் சிறு துறைமுக நகரம் உளது. புறத்தோற்றத்தில் பிற ஆற்றங்கரை ஊர்களினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. ஆயினும் பல்கேரியர் இதனை மறவார். 1856-ஆம் ஆண்டில் இவ்வூரில் ஆசிரியரும் வணிகரும் சிலர் கூடி ஒரு வாசகசாலையை நிறுவினர். அவ்வாண்டிலேயே லோம், ஷூமென் என்னும் ஊர்களிலும் இத்தகையன எழுந்தன. இவற்றிற்கு 'சிடாலிஷ்டே' என்பது பெயர். 'படிக்கும் இடம்' என்பது பொருள். உறுப்பினர் தத்தமக்கு இயன்ற பொருளை ஈந்து நூல்களும் பத்திரிகைகளும் தருவித்தனர். எழுத்தறியாதார் வந்து அமர, அறிந்தவர் உரக்கப் படித்துக் காட்டினர். நாளடைவில் அவ்விடங்களே நாடக மேடையாகவும், பாட்டுக் கழகமாகவும், ஏழை மாணவர்க்கு உதவி புரியும் சங்கமாகவும் விளங்கின. இற்றை நாளிலும் நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சிடாலிஷ்டேக்கள் உள. மலைமேல் உள்ள குக்கிராமங்களிலும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே இவற்றை யாம் கண்டோம். இவற்றுள் முதலாவது தோன்றிய காலத்தில் பல்கேரியர்க்கு அரசு இல்லை; சேனை இல்லை; தேசப்படத்தில் அவர்தம் நாட்டின் பெயரும் இல்லை. இவையொன்றும் இல்லாதார் முதலில் வாசகசாலை கட்ட நினைந்தது என்னை? இவ்வினாவோடு யாம் தெற்கு நோக்கிச் சென்றோம்.

யான்ட்ரா என்னும் ஆறு பாம்பு போல் வளைந்து வளைந்து ஓடும் இடத்தில், செங்குத்தான குன்றுகளின்மேல் அடுக்கடுக்காக வீடுகள் அமைந்த நகரம் வெலிகோ டர்னோவோ. அதன் ஸாரெவெட்ஸ் குன்றில் பழைய அரண்மனையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. பல்கேரிய அரசு முதன் முதல் எழுந்தது 681-ஆம் ஆண்டில். 864-ல் போரிஸ் மன்னர் கிறிஸ்து மதத்தைத் தழுவினார். அந்நூற்றாண்டில் தெஸலோனிக்கா நகரத்துச் சகோதரராகிய சிரில், மெத்தோடியுஸ் என்னும் இருவர் ஸ்லாவிய மொழிக்கென ஓர் எழுத்து வகுத்து, வேதநூலை அம்மொழியில் பெயர்த்தனர். அவர் காலத்துக்குப் பின்னர் அவர்தம் சீடர் மொராவியா நாட்டினின்றும் துரத்தப்பட்டு, 886-ஆம் ஆண்டளவில் அடைக்கலம் தேடி வந்தது பல்கேரியாவுக்கே. போரிஸ் அவர்களை வரவேற்றுப் பள்ளிகள் அமைத்துக் கொடுத்தார். சிரிலிக் என இன்று வழங்கும் எழுத்து, பிரெஸ்லாவ் நகரத்துப் பள்ளியில், சிரிலின் பெயரால் உருவாயிற்று. அதனை ரஷிய எழுத்தென்று கருதுவார் பலர். ரஷியர்க்கு அது பல்கேரியாவினின்றும் சென்றதேயாம். 1185-ல் இரண்டாம் பல்கேரிய அரசு டர்னோவோவைத் தலைநகராகக் கொண்டு எழுந்தது. 1393-ல் அந்நகரம் துருக்கப் படைகளிடம் வீழ்ந்தது. 1396-ல் விடின் நகரமும் வீழ, பல்கேரிய அரசு முடிவெய்திற்று.

அதன்பின் வந்த துன்பம் இருவகைத்து. ஆட்சி சுல்தானுடையது. கோயிலும் பள்ளியுமோ கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிரேக்கத் தலைமைக் குருவின் கீழ்ப் பட்டன. நகரங்களில் கிரேக்க மொழியே கற்றோர் மொழியாயிற்று. செல்வர் தம்மைக் கிரேக்கர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டனர்; பல்கேரிய மொழி உழவர்க்கும் ஆயர்க்கும் உரியதென இகழப்பட்டது. அந்நிலையில் ஆதாஸ் மலை மடத்துத் துறவியாகிய பைஸி என்பவர், 1762-ஆம் ஆண்டில், பல்கேரியர் சரித்திரம் ஒன்றை எழுதி முடித்தார். அச்சிடும் வசதி அவருக்கு இல்லை. கையெழுத்துச் சுவடியையே ஊர் ஊராக எடுத்துச் சென்று படித்துக் காட்டிப் பிறரையும் படியெடுக்கச் செய்தார். 1765-ல் கொடெல் என்னும் மலையூரில், பிற்காலத்தில் ஸொப்ரோனி எனப் புகழ்பெற்ற குரு ஒருவர் முதற்படி எழுதினார். பின்னர்ப் படிகள் பல எழுந்தன. தன் மொழியைப் பேச நாணுவோரை அச்சிறு நூல் கடிந்துரைக்கின்றது. ஒரு ஜனசமூகத்தை எழுப்பிய நூல் அச்சேறாது கையாலேயே பரவியதென்பது நினைக்கத் தக்கது.

டர்னோவோவினின்றும் மலையடிவாரமாகச் செல்வோர் கப்ரோவோ நகரை அடைவர். இந்நகரத்தார் சிக்கனத்துக்குப் பேர் போனவர். இரவில் சக்கரங்கள் தேயுமென்று கடிகாரத்தை நிறுத்தி வைப்பர் என்றும், பூனை உள்ளே நுழையும்போது கதவு நெடுநேரம் திறந்திருந்து வீட்டுச் சூடு வீணாகாதிருக்க அதன் வாலை நறுக்கிவிடுவர் என்றும் தம்மைத் தாமே நகையாடிக்கொள்வர். இத்துணைச் சிக்கனமுடையாரே பல்கேரிய மொழியில் கற்பிக்கும் முதற் புதுமுறைப் பள்ளிக்குப் பொருளை வாரி வழங்கினர். ஒடெஸ்ஸா நகரில் வாணிகம் செய்த வாஸில் அப்ரிலோவ் முதலிய கப்ரோவோ வணிகரின் உதவியால் 1835-ஆம் ஆண்டில் அப்பள்ளி திறக்கப்பட்டது. அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னரே, 1824-ல், பீட்டர் பெரோன் என்னும் இளைஞர் பிரஷோவ் நகரில் ஒரு பாலபாட நூலை அச்சிட்டிருந்தார். அரிச்சுவடி, சிறு கதைகள், கணக்கு, விலங்குகளைப் பற்றிய பாடங்கள் ஆகியவை அதில் இருந்தன. அதிலுள்ள கடல்வாழ் பிராணியின் படத்தைக் கொண்டு சிறுவர் அதனை 'மீன் பாடநூல்' என்றே அழைத்தனர்; அப்பெயரே நிலைத்துவிட்டது.

கப்ரோவோப் பள்ளியின் முதல் ஆசிரியர் நியோபிட் ரில்ஸ்கி என்னும் துறவி. அவர் அப்பணிக்கென்றே புக்காரெஸ்ட் நகருக்குச் சென்று ஒரு புதிய போதனா முறையைக் கற்று வந்தார். முன்னேறிய மாணவர் பின்தங்கிய மாணவர்க்குக் கற்பிக்க, ஓர் ஆசிரியரே நூற்றுக்கணக்கானோரை மேற்பார்த்து நடத்துவது அம்முறை. இளஞ்சிறார் மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதிப் பழகுவர். அதற்குப் பெல்-லங்காஸ்டர் முறை என்பது பெயர். இவ்விருவருள் லங்காஸ்டர் லண்டனில் தம் பள்ளியைத் தனியே நடத்தியவர். ஆண்ட்ரு பெல் என்பவரோ 1789 முதல் நம் சென்னைப்பட்டினத்தில் அநாதைச் சிறுவர் விடுதியின் தலைவராயிருந்தவர். நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் புகுத்த விரும்பினார். துணையாசிரியர் உடன்படாமையின், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கீழ் வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797-ல் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக இது 'சென்னை முறை' என்னும் பெயரால் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும், கடல் கடந்து பால்கன் மலையடிவாரத்தில் ஒரு மொழியைத் தூக்கி நிறுத்த உதவிய செய்தி நம்மவருள் பலர் அறியாததொன்று. கப்ரோவோவில் அப்பள்ளியின் பெயர் தாங்கி நிற்கும் உயர்தரக் கலாசாலையின் முன் யாம் சற்று நேரம் மகிழ்ந்து நின்றோம்.

கப்ரோவோவினின்றும் ஷிப்கா கணவாய் வழியே மலையைக் கடக்கவேண்டும். 1877-ல் ரஷியரும் பல்கேரியத் தொண்டர் படையினரும் துருக்கருடன் கடும்போர் புரிந்த இடம் இது. 1934-ல் திறக்கப்பெற்ற ஞாபகக் கோபுரம் சிகரத்தில் நிற்கின்றது. கீழே இறங்கினால் கஸன்லக் நகரைச் சூழ்ந்த ரோஜாப் பள்ளத்தாக்கு. மே மாத நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் பூக்கொய்யும் காலம். வெயில் ஏறினால் மணம் குறையுமாதலால், விடியற்காலத்தே ஆடவரும் பெண்டிரும் கூடைகளோடு தோட்டம் புகுவர். ஒரு கிலோகிராம் அத்தர் எண்ணெய்க்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் கிலோகிராம் வரை இதழ் வேண்டுமென்பர்.

இங்கே உழவர் இல்லங்களின் உபசாரத்தைக் கூறாது விடல் தகாது. விருந்தினர்க்கு ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பது பழைய வழக்கம். உணவில் கெட்டித் தயிருக்குச் சிறப்பிடம் உண்டு. பாலைத் தயிராக்கும் கிருமியை 1905-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ஆராய்ந்து கண்டவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவ மாணவர். மார்ச்சு முதல் நாளில் சிவப்பும் வெள்ளையுமான நூலை முறுக்கி ஒருவர்க்கொருவர் அணிவிப்பர். முதல் நாரையையோ பூத்த மரத்தையோ கண்ட பின்னரே அதனைக் கழற்றி மரக்கிளையிற் கட்டுவர். பிற ஐரோப்பியரைத் தடுமாறச் செய்யும் வழக்கம் ஒன்றும் அங்கு உளது. 'ஆம்' என்றற்குத் தலையை இருபுறமும் அசைப்பர். 'இல்லை' என்றற்கு மேலுங் கீழும் ஆட்டுவர். இரண்டாவது எமக்குக் குழப்பம் விளைத்ததாயினும், முதலாவது நம் ஊர்த் தலையசைப்பை ஒத்திருந்தமையின் யாம் அயலார் போல் உணர்ந்திலேம்.

மேற்கே ஸ்ரெட்னா கோரா மலையில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், கொப்ரிவ்ஷ்டிட்ஸா என்னும் ஊர் உளது. ஆட்டு மந்தையாலும் வாணிகத்தாலும் செல்வமெய்தியோர் கட்டிய நீலமும் செம்மையும் தீட்டிய வீடுகள், கல் பாவிய தெருக்கள், வளைந்த சிறு பாலங்கள் என யாவும் பழமை மாறாது விளங்குகின்றன. 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விடுதலைக் கிளர்ச்சியின் முதல் வெடி எழுந்தது இங்கே. பீரங்கி இல்லாமையால் செர்ரி மரத்தைக் குடைந்து பீரங்கி செய்தனர். கிளர்ச்சி சில வாரங்களில் அடக்கப்பட்டது. பாடக் என்னும் ஊரில் குழந்தைகளும் பெண்டிரும் உட்படப் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். இச்செய்தியை உலகறியச் செய்ததில் ஒரு கல்லூரிக்கும் பங்குண்டு. 1863-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் அமெரிக்கர் நிறுவிய ராபர்ட் கல்லூரியில் பல்கேரிய மாணவர் பலர் பயின்று வந்தனர். தம் மாணவரின் ஊர்கள் எரிக்கப்பட்டதை அறிந்த ஆசிரியராகிய வாஷ்பர்ன், லாங் என்போர் லண்டன் பத்திரிகைகளுக்குச் செய்தி கிடைக்கச் செய்தனர். ஐரோப்பா கொதித்தெழுந்தது. ரஷிய-துருக்கிய யுத்தத்தின் முடிவில், 1878-ல், பல்கேரிய அரசு மீண்டும் பிறந்தது. 1885-ல் தென்பகுதி இணைந்தது. 1908-ல் முழுச் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது.

அவ்வூரில் 1965-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டுப்பாடல் விழா நடைபெறுகின்றது. 'ராச்செனிட்ஸா' என்னும் ஆடல் ஏழு மாத்திரைத் தாளத்தில் அமைந்தது. மேனாட்டிசை பயின்றோர்க்கு அஃது அரிதாயினும், மிசிர சாபு தாளம் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அன்னியமன்று. ரொடோப்பி மலைப் பெண்மணி வாலியா பால்கான்ஸ்கா பாடிய நாட்டுப்பாடல் ஒன்று, 1977-ல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களிலுள்ள இசைத்தட்டில் இடம்பெற்று, இன்று சூரிய மண்டலத்தின் எல்லையைக் கடந்து சென்றுகொண்டிருக்கின்றது. இகழப்பட்ட ஆயர் மொழிக்கு இதனினும் பெருமை வேறு என்னை?

தெற்கே இறங்கினால் மரிட்ஸா நதிக்கரையில் பிளவ்டிவ் நகரம். மாசிடோனிய மன்னர் பிலிப்புவின் பெயரால் பிலிப்பொபொலிஸ் என முன்னர் வழங்கியது இதுவே. ரோமர் கட்டிய அரங்கம் அகழ்ந்தெடுக்கப்பெற்று மீண்டும் நாடகத்துக்குப் பயன்படுகின்றது. இந்நகரத்துப் பள்ளியொன்றில் 1851-ஆம் ஆண்டில் சிரில், மெத்தோடியுஸ் ஆகியோரின் திருநாள் பள்ளி விழாவாக முதன் முதல் கொண்டாடப்பட்டது. அதுவே இன்று மே 24-ஆம் நாளில் நாடெங்கும் நிகழும் எழுத்துத் திருநாள். வெற்றி வீரரை அன்று, எழுத்தையும் ஆசிரியரையும் மாணவர் மலர் மாலையோடு ஊர்வலம் வந்து போற்றும் தேசீயத் திருநாள் அரிதினும் அரிது.

ரிலா மலையின் காட்டினிடையே, 1,147 மீட்டர் உயரத்தில், ரிலா மடம் உளது. புறத்தே கோட்டை போன்ற கருங்கற் சுவர். உள்ளே புகுந்தால் கறுப்பும் வெள்ளையுமான வில்வளைவுகளும், மரத்தாழ்வாரங்களும், சுவர் நிறைந்த வர்ண சித்திரங்களும் கண்ணைப் பறிக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் யோவான் என்னும் துறவியைச் சூழ்ந்து தோன்றிய இம்மடத்தில் 1335-ல் எழுந்த கற்கோபுரம் இன்றும் நிற்கின்றது. 1833-ல் பெருந்தீயில் மடத்தின் பெரும்பகுதி அழிந்தது. நாட்டின் பல பகுதியினின்றும் மக்கள் பொருள் திரட்டி அனுப்ப, 1834 முதல் அது மீண்டும் கட்டப்பட்டது. சுவடிகளைக் காத்த இம்மடத்துக்கே கப்ரோவோ ஆசிரியர் நியோபிட் பின்னாளில் தலைவராகத் திரும்பி வந்தார். அவர் கல்லறையும் இங்கேயே உளது. அரசு இல்லாத காலத்தில் மடம் சுவடியைக் காத்தது. பள்ளி அதனைப் பொதுவாக்கியது. வாசகசாலை அதனை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஸ்விஷ்டோவில் எழுந்த எம் வினாவுக்கு விடை இதுவே.

தலைநகராகிய ஸோபியா, விடோஷா மலையின் அடியில் அமைந்தது. நகரின் நடுவே ஆர்த்தடாக்ஸ் ஆலயம், கத்தோலிக்க ஆலயம், பதினாறாம் நூற்றாண்டு மசூதி, 1909-ல் திறக்கப்பெற்ற யூதர் ஜெபாலயம் ஆகிய நான்கும் சில நிமிஷ நடையளவில் நிற்கின்றன. 1943-ல், ஜெர்மனியின் கூட்டாளியாயிருந்த அரசு யூதரை நாடுகடத்த முற்பட்டபோது, சட்டசபை உபதலைவர் டிமிடர் பெஷெவும், ஸ்டெபான், கிரில் என்னும் குருமாரும் எதிர்த்து நின்றனர். நாட்டிலிருந்த ஏறக்குறைய 48,000 யூதர் உயிர் பிழைத்தனர். ஆயினும் பல்கேரியப் படை கைப்பற்றியிருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். இதனையும் உடன் கூறுதலே நியாயமாகும்.

மற்றொன்றும் கூறவேண்டும். 1984-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அப்போதைய கம்யூனிஸ்டு அரசு, நாட்டில் வாழும் துருக்கியர் தம் பெயர்களை விடுத்துப் பல்கேரியப் பெயர் பூணுமாறு வலிந்து செய்தது. பொதுவிடங்களில் துருக்கி மொழி பேசுதலையும் தடுத்தது. 1989-ன் வேனிற்காலத்தில் மூன்று லக்ஷத்துக்கு மேற்பட்டோர் வீடுவாசல் துறந்து எல்லை கடந்தனர். அவ்வாண்டின் முடிவில், ஆட்சி மாறிய பின்னர், அக்கொள்கை கைவிடப்பட்டது. 2012-ல் பல்கேரியப் பார்லிமெண்டு அதனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. தம் மொழி இகழப்பட்ட துன்பத்தைத் தாமே நுகர்ந்தோரின் நாட்டிலே இது நிகழ்ந்தது. மொழிப்பற்று நல்லது; ஆனால் அது பிறன் வாயை மூடும் கருவியாக மாறாதவாறு காத்தல் அம்மொழியாளரின் கடன். தம் பிழையைத் தாமே எடுத்துரைக்கும் துணிவும் கல்வியின் பயனேயாம்.

2007-ல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபோது, லத்தீன், கிரேக்க எழுத்துக்களோடு சிரிலிக் அவ்வொன்றியத்தின் மூன்றாம் எழுத்தாயிற்று. பிரெஸ்லாவ் பள்ளியில் அடைக்கலம் புகுந்தோர் வித்திட்ட எழுத்து ஆயிரத்து நூறாண்டு கடந்து பெற்ற இடம் அது. 1895-ல் அலெகோ கொன்ஸ்டாண்டினோவ் என்னும் எழுத்தாளர் நகரத்தாரை அழைத்துச் சென்று விடோஷாவின் உச்சியாகிய 'கரும் சிகரத்தில்' ஏறினார். ஏறக்குறைய முந்நூறு பேர் அவருடன் சென்றனர். தம் நாட்டை நடந்து காணும் வழக்கம் அந்நாட்டில் அன்று முதல் ஓர் இயக்கமாயிற்று. நூலைப் படித்தலும் நாட்டைப் படித்தலும் அவர்க்கு ஒன்றே. நம் மாணவரும் விடுமுறைக் காலங்களில் தம் ஊரில் உள்ள சிறு வாசகசாலைகளின் கதவைத் திறந்து, எழுதப் படிக்கத் தெரியாதார்க்கு ஒரு பக்கமேனும் படித்துக் காட்டுவாராயின், அஃது எளிய செயலாயினும் வீண் போகாது. பல்கேரியா அதற்குச் சான்று.